கல்யாண வீட்டுக்குப் போன பிடித்தச் சீட்டு

எம்னாவுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சும்மா புன்சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பக்கத்தில் நிற்பவரின் கையைக் கிள்ளிக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு. எங்கள் திருமணப் பதிவின்போது நகராட்சி அலுவலர் "சம்மதமா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்ல நாலு நிமிடம் ஆனது. அந்த நாலு நிமிடமும் அவள் அப்பா கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால்தான் மே மாதம் இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் திறந்ததும் சமையலறையிலிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டபோது பையை வாசலிலேயே போட்டேன்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?" என்று ஓடினேன்.

எம்னா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் தொலைபேசி. "வஜ்தி, நவ்ஃபலுக்குக் கல்யாணம்!"

"எந்த நவ்ஃபல்?"

"பிஸ்கட் கம்பெனி நவ்ஃபல்! கணக்கு பாக்கிறவன்! இன்னிக்குக் காலைலேர்ந்து லீவாம். ஆளும் இல்ல, சீலும் இல்ல!"

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எம்னா படம் வரைகிறவள். எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸில் நீங்கள் வாங்கும் ஆலிவ் எண்ணெய் டின்னிலோ மிளகாய் விழுது டப்பாவிலோ சிரித்த முகமாக ஏதாவது ஒரு கிழவியோ ஒட்டகமோ இருந்தால், அநேகமாக அது எங்கள் சாப்பாட்டு மேசையில் பிறந்ததாக இருக்கும். யாரிடமும் மாதச் சம்பளம் கிடையாது. வேலை முடிந்ததும் பில் போடுவாள். கம்பெனிக்காரர்கள் அந்தப் பில்லில் நூற்றுக்குப் பத்தை வரி என்று பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிடித்ததை அவள் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டுவார்கள். கட்டியதற்குப் பிடித்தச் சீட்டு என்று ஒன்று தரவேண்டும். வருடக் கணக்கைக் காட்டும்போது அந்தச் சீட்டை இணைத்தால் அந்தத் தொகை கழியும். சீட்டு இல்லையென்றால் கட்டவே இல்லை என்றுதான் பொருள். இப்போது எல்லாம் கணினியிலேயே வந்துவிடுகிறது. நான் சொல்வது அது வருவதற்கு முன்னால், சீட்டு என்றால் காகிதமாக, கையெழுத்தோடும் வட்டச் சீலோடும் இருந்தாக வேண்டிய காலம்.

பிஸ்கட் கம்பெனிக்கு அந்த வருடம் பதினோரு பாக்கெட்டுகளுக்குப் படம் வரைந்து கொடுத்திருந்தாள். அவளுடைய வரி மொத்தம் மூவாயிரத்து எழுநூறு தினார். அதில் இரண்டாயிரத்து நானூறு பிஸ்கட் கம்பெனி ஏற்கனவே பிடித்துவிட்டது. மீதி ஆயிரத்து முந்நூறை ஒரு காலி பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரி மேலே வைத்திருந்தோம். கடைசி நாள் திங்கட்கிழமை. அன்றைக்குக் கவுன்ட்டர் ஒரு மணி வரைதான். அதற்குள் சீட்டு வராவிட்டால் மூவாயிரத்து எழுநூறையும் எண்ணி வைக்க வேண்டும், அதற்கு எங்கள் மொபெட்டோடு என்னையும் சேர்த்து விற்றாலும் தேறாது.

"பிப்ரவரிலேர்ந்து 'நாளைக்கு மேடம், நாளைக்கு மேடம்'னான். கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் பத்து நாள் முன்னாடியே அவன் வாசல்ல பாய் போட்டுப் படுத்திருப்பேன்" என்றாள் எம்னா.

கம்பெனிக்கே போனோம். அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள். ஒரு கோப்பைத் தேடி எடுத்துச் சீட்டை நீட்டினாள். எம்னாவின் பெயர் சரி, தொகை சரி, முதலாளியின் கையெழுத்தும் இருந்தது. கீழே வலது மூலை மட்டும் வெறுமையாக இருந்தது.

"சீல் நவ்ஃபல்கிட்டதான் இருக்கும் அக்கா. முதலாளி வேற யாரையும் தொட விடமாட்டார். நவ்ஃபல் அதைச் சட்டைப்பைலயே வெச்சுச் சுத்துவாரு. தூங்கும்போதும் அங்கதான் இருக்கும்னு நாங்க பேசிக்குவோம்."

"முதலாளி எங்க?"

"இத்தாலிக்குப் போயிருக்கார், அடுப்பு வாங்க."

எம்னா சீட்டை மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நவ்ஃபலின் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை முழுக்க அப்படியே இருந்தது.

ஞாயிறு மதியம் கிரெம்டா சாலை, ஏழாவது கிலோமீட்டரில் வீட்டைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மாடி முழுக்க விளக்குச் சரம், வாசலில் முப்பது ஜோடி செருப்பு. நவ்ஃபலின் அம்மா லத்தீஃபா வெளியே வந்தார். இரண்டு கையிலும் மாவு. யார், என்ன என்று கேட்கவில்லை. எம்னாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"மாப்பிள்ளைய பாக்கணுமா? அவன் கூட்டாளிங்க அவனைக் குளிக்கக் கூட்டிட்டுப் போயிருக்கானுங்க. எந்தக் குளியல் வீடுன்னு எனக்கே சொல்லல. ராத்திரி மண்டபத்துல ஐந்நூறு பேரு, அங்க நீ அவன் நிழலக்கூடப் பிடிக்க முடியாது. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வா கண்ணு. மீன் தாண்டறப்ப இங்கதான் நிப்பான். எங்க போயிடப் போறான்?"

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் காலை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பெரிய மீனை ஏழு தடவை தாண்ட வேண்டும். தாண்டாத ஸ்ஃபாக்ஸ்காரன் பாதிக் கல்யாணம்தான் செய்திருக்கிறான்.

திரும்பும் வழியில் எனக்குக் கவலை. "வெறுங்கையோட போக முடியாதே. பக்லாவா ஸ்வீட் கிலோ என்ன விலை தெரியுமா? டின்லேர்ந்து எடுத்தா..."

"டின்னைத் தொட்டா கைய உடைப்பேன்" என்றாள் மொபெட்டின் பின்னால் இருந்து. "நான் படம் வரையறேன். அதுதான் பரிசு."

அன்று மாலை மேசையில் உட்கார்ந்து வரைந்தாள். ஒரு பெரிய மீன், அதற்கு மேலே காற்றில் தொங்கும் மாப்பிள்ளையும் பெண்ணும். மாப்பிள்ளையின் கையில் பூவுக்குப் பதில் ஒரு வட்டச் சீல். மீன் வாயைத் திறந்து "நாளைக்கு மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. முடித்ததும் இதைக் கொடுக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் சண்டை. கடைசியில் மீனின் பேச்சை மட்டும் வெள்ளை மையால் அழித்தாள்.

திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். ஒன்பது மணிக்கு முற்றத்தில் நின்றோம்.

முற்றம் முழுக்கப் பெண்கள். ஒரு மூலையில் தர்புகா மேளம் அடித்துக்கொண்டு நாலு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் விரிப்பின் மேல் தாம்பாளம், அதில் மூன்று அடி நீளத்துக்கு ஒரு களவா மீன், கழுத்தில் சிவப்பு ரிப்பன். என் கையில் யாரோ பாதாம் சர்பத்தைத் திணித்தார்கள். எம்னாவை இரண்டு அத்தைகள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் தலையில் ஆரஞ்சுப்பூ நீர் தெளித்தார்கள். ஹர்கூஸ் இடுகிற பெண்மணி கிண்ணத்தோடு உட்கார்ந்து, வரிசையாக நீட்டிய கைகளில் மெல்லிய குச்சியால் கறுப்பு மையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கிராம்பு வாசனை வாசல்வரை வந்தது.

பெண் வந்தாள். பெயர் ஷிராஸ். உடம்பு தெரியாத அளவுக்குத் தங்கச் சரிகை, தலையில் கூம்பு. குலவை கிளம்பியது. பின்னால் நவ்ஃபல், வெள்ளை ஜெப்பா அங்கியில், தலையில் சிவப்புத் தொப்பி, முகத்தில் இரண்டு நாளாகத் தூங்காத சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எம்னாவைப் பார்த்தவுடன் அப்படியே வடிந்தது.

"மேடம் எம்னா!" என்றான். அதை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். தர்புகா நின்றுவிட்டது.

எம்னா அட்டையிலிருந்து சீட்டை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "நவ்ஃபல், ஒரே ஒரு நிமிஷம். இதுல மட்டும்..."

"யாரு இவ?" என்றாள் ஒரு அத்தை.

"என்ன காகிதம் அது?" என்றாள் இன்னொருத்தி.

"கல்யாணத்துக்கு மறுநாள் ஒருத்தி காகிதத்தோட வர்றான்னா அது என்ன காகிதமா இருக்கும்?" என்றாள் மூன்றாமவள். முற்றத்தில் ஒரு முனகல் ஓடியது.

எம்னா முகத்தைப் பார்த்தேன். உதடு துடித்தது. வேண்டாம், வேண்டாம் என்று வாசலிலிருந்து கையை ஆட்டினேன். பிரயோசனமில்லை. வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஹர்கூஸ்காரரின் தோளைப் பற்றிக்கொண்டு, சீட்டை விசிறி மாதிரி ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா, சிரிக்கிறா!" என்று லத்தீஃபா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நேத்து இவளுக்கு முத்தம் வேற கொடுத்தேன்! நவ்ஃபல், யாருடா இவ?"

"அம்மா, அது... பதினோரு பாக்கெட்டு..." நவ்ஃபலுக்கு நாக்கு குழறியது.

"பதினோரு என்னது?"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். "இவ என் பெண்டாட்டி! என் பெண்டாட்டி!" என்று கத்தினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. "ஐயோ, புருஷனும் வந்திருக்கான்!" என்று பாட்டுக்காரப் பெண்மணி தர்புகாவைக் கீழே வைத்தார்.

ஷிராஸ் மட்டும் பதறவில்லை. அவ்வளவு தங்கத்தோடு வேகமாக நடக்க முடியாது. மெதுவாக, மணிகள் குலுங்க எம்னாவிடம் வந்தாள். கையை நீட்டி, "குடுங்க" என்றாள். எம்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்தாள்.

ஷிராஸ் வாசித்தாள். மேலிருந்து கீழே, எண்களையும் சேர்த்து. ஒரு வருத்தமும் தெரியவில்லை. ஆனால் வாசித்து முடித்தபோது அவள் காது சிவந்திருந்தது.

"இது பிடித்தச் சீட்டு" என்றாள் எல்லோருக்கும் பொதுவாக. பிறகு நவ்ஃபலைப் பார்த்தாள். "எப்பலேர்ந்து இவங்க இதைக் கேக்கறாங்க?"

"கொஞ்ச நாளா..."

"பிப்ரவரிலேர்ந்து" என்றாள் எம்னா.

"பிப்ரவரியா!" ஷிராஸ் குரல் உயர்ந்தது. "நவ்ஃபல், நான் மொழிபெயர்ப்பு வேலை எத்தனை கம்பெனிக்குச் செய்யறேன் தெரியுமா? ரெண்டு பேரு இன்னும் எனக்குச் சீட்டு தரல. போன வாரம், கைல மருதாணி காயறப்ப, முழு வரியையும் என் வளையல் காசுலேர்ந்து கட்டினேன். ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் ஒருத்தன் 'நாளைக்கு மேடம்'னு சொல்வான். அவனை நான் எப்படித் திட்டினேன்னு உங்கிட்டயே சொல்லி அழுதேன். நீ என் தலையைத் தடவிக்கொடுத்து 'இப்படியும் மனுஷங்க இருக்காங்க பாரு'ன்னு சொன்னே!"

நவ்ஃபல் மீனைப் பார்த்தான்.

"ஷிராஸ், மீன் காயுதும்மா. முதல்ல தாண்டிடு, அப்புறம் திட்டு" என்றார் லத்தீஃபா.

"இதுல சீல் விழாம நான் காலைத் தூக்கமாட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு ஷிராஸ் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார அவளுக்கு மூன்று பேர் உதவ வேண்டியிருந்தது. எம்னாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

 அப்புறம் பின்வரிசையிலிருந்து யாரோ குலவையிட்டார்கள். அது அப்படியே பற்றிக்கொண்டது. "சரியா சொன்னேடி பொண்ணே!" என்று ஹர்கூஸ்காரர் குச்சியை உயர்த்தினார். அவருக்கும் யாராவது பாக்கி வைத்திருக்க வேண்டும்.

"எடுடா சீலை" என்றார் லத்தீஃபா.

நவ்ஃபல் ஜெப்பாவைத் தடவினான். மேலே தடவினான், கீழே தடவினான். முகம் வெளுத்தது. "கோட்டுல இருக்கு. நேத்து ராத்திரி போட்ட கோட்டுல."

"கோட்டு எங்க?"

"வாடகைக் கோட்டு. காலைல மச்சான் கொண்டுபோய்க் கடைல குடுத்துட்டான்."

மணி ஒன்பதே முக்கால். இருந்த கார்களை எல்லாம் ராத்திரி வந்த விருந்தாளிகளின் கார்கள் சந்தில் அடைத்து நின்றன. வெளியே போகக்கூடிய ஒரே வண்டி என் மொபெட். நவ்ஃபல் ஜெப்பாவை முழங்கால்வரை சுருட்டிப் பின்னால் ஏறினான்.

கிரெம்டா சாலையில் அன்றைக்கு ஓட்டிய மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை. மாப்பிள்ளையின் வெள்ளை ஜெப்பா பின்னால் பாய்மரம் மாதிரி விரிந்து காற்றைப் பிடித்து எங்களை ஒருபக்கமாகத் தள்ளியது. நாலாவது கிலோமீட்டரில் தொப்பி பறந்தது. பழக்கடைக்காரன் எழுந்து நின்று கத்தினான்: "மாப்பிள்ளை ஓடறான்! டேய், மாப்பிள்ளை ஓடறான்!" பேருந்தின் ஜன்னலிலிருந்து நாலு பெண்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒரு டாக்சிக்காரர் பக்கத்தில் வந்து, "விடாதே தம்பி, நானும் ஓடியிருக்கணும், யோசிச்சு யோசிச்சு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணே, நான் வேணும்னு பண்ணல" என்று நவ்ஃபல் என் காதுக்குள் கத்தினான்.

"பின்ன ஏன் மூணு மாசம்?"

"வெக்கமா இருக்கு."

"இந்த வேகத்துல எனக்கு எதுவும் கேக்காது, தைரியமா சொல்லு!"

"சீட்டை முதல்ல பிப்ரவரிலயே அடிச்சேன் அண்ணே. பேரு இருக்கிற இடத்துல ஷிராஸ்னு அடிச்சுட்டேன். அப்பத்தான் நிச்சயம் ஆகியிருந்தது. கிழிச்சுப் போட்டு மறுபடி அடிச்சேன். மறுபடியும் ஷிராஸ், அதையும் கிழிச்சேன். மூணாவதுல மார்ச்சுல முதலாளி கையெழுத்தே போட்டுட்டாரு, அப்புறம்தான் பாத்தேன், ஷிராஸ் பேருல இரண்டாயிரத்து நானூறு தினார் வரி. அதையும் கிழிச்சதுக்கப்புறம் அந்த ஃபைலைத் திறக்கவே பயமா போச்சு; போன வாரம்தான் மேடம் பேருல சரியா அடிச்சுக் கையெழுத்து வாங்கினேன், சீல் வைக்கறதுக்குள்ள கல்யாணம் வந்துடுச்சு."

நான் சிரித்த சிரிப்பில் மொபெட் நடைபாதையில் ஏறி இறங்கியது. பெண்டாட்டியிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும்.

கோட்டுக்கடை பாப் ஜெப்லி கோட்டை வாசல் பக்கம், துணிச்சந்துக்குள் இருந்தது. மொபெட்டை வாசலிலேயே சாய்த்துவிட்டு உள்ளே ஓடினோம். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கி எங்களைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி நான் போட்ட கறுப்புக் கோட்டு!" என்றான் நவ்ஃபல்.

"அது போயாச்சே தம்பி."

"எங்க?"

கடைக்காரர் விரலை நீட்டினார். பெரிய நிலைக்கண்ணாடி முன்னால் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு பருத்த ஆள் நின்றுகொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. இடது மார்பைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"எனக்கு வியாழக்கிழமை கல்யாணம்" என்றார் பலவீனமாக. "கோட்டைப் போட்டதுலேர்ந்து நெஞ்சுல ஏதோ குத்துது. எங்க அப்பாவுக்கும் நாப்பதுல இப்படித்தான் வந்துச்சு. வீட்டுக்குச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன்."

நவ்ஃபல் அவருடைய உள்பைக்குள் கையை விட்டு, மரப்பிடி போட்ட வட்டச் சீலை வெளியே எடுத்தான்.

அந்த மனிதர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். தொட்டுப் பார்த்தார். மறுபடி மூச்சு விட்டார். அப்புறம் நவ்ஃபலைக் கட்டிப்பிடித்து, "டாக்டர், டாக்டர்" என்று இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டார். அவர் கையிலிருந்து விடுபட எங்களுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. வியாழக்கிழமை வரவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

பத்தே முக்காலுக்குத் திரும்பினோம். சந்து முனையிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. உள்ளே போனால் எம்னாவின் கை இரண்டிலும் ஹர்கூஸ் கோலம். அவளும் ஷிராஸும் தலையோடு தலை சேர்த்து, எந்தெந்தக் கம்பெனி எத்தனை மாதம் இழுக்கும் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மீனுக்கு யாரோ ஈரத்துணி போர்த்தியிருந்தார்கள். எம்னாவின் படத்தை லத்தீஃபா மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "என் மகன் மூக்கு அப்படியே இருக்கு பாரு!"

நவ்ஃபல் சீலை வெற்றிக் கோப்பை மாதிரி உயர்த்தினான். குலவை. சீட்டை ஒரு தட்டின் முதுகில் விரித்தார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஓங்கிக் குத்தினான்.

ஒன்றும் விழவில்லை. மங்கலாகக்கூட இல்லை.

"மை?" என்றாள் எம்னா.

"மைப்பெட்டி ஆபீஸ்ல" என்றான் நவ்ஃபல். "பூட்டி வெச்சிருக்கேன். சாவி..."

"சாவி கோட்டுலயா?" என்று நான் அலறினேன்.

"இல்ல அண்ணே, ஆபீஸ்லயே."

அத்தைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி கண்மை கொண்டுவந்தாள், ஒருத்தி பள்ளிக்கூடப் பேனாவை உடைக்கலாம் என்றாள், ஒருத்தி கணவாய் மீனின் மையைப் பற்றி ஏதோ சொன்னாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஹர்கூஸ்காரர் எழுந்து வந்தார். சீலை நவ்ஃபலின் கையிலிருந்து வாங்கினார். கிண்ணத்திலிருந்து சின்னப் பஞ்சால் கறுப்பைத் தொட்டு, எழுத்து எழுத்தாக, ஒரு மணப்பெண்ணின் விரலுக்கு இடுவதுபோல அத்தனை பொறுமையாகச் சீலின் முகத்தில் தடவினார். ஊதினார்.

"இப்பக் குத்து. அழுத்தாதே, வெச்சு எடு. நாலு நாளைக்குப் போகாது, நான் பொறுப்பு."

வைத்து எடுத்தான். வலது மூலையில் வட்டம் முழுசாக, கம்பெனி பெயர் ஓர் எழுத்துக்கூட உடையாமல், பளபளவென்று கறுப்பாக விழுந்தது. அவ்வளவு அழகான சீலை நான் எந்த அரசாங்கக் காகிதத்திலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் யாருக்கும் நிதானம் இல்லை. தர்புகா கிழிந்துவிடும்போல அடித்தார்கள். ஷிராஸ் எழுந்து பாவாடையைத் தூக்கிப் பிடித்து மீனைத் தாண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லோரும் எண்ணினோம். ஐந்தாவதில் தலைக் கூம்பு சாய, எம்னா ஓடிப்போய்ப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவளும் சேர்ந்து தாண்டிவிட்டாள். "புள்ள பொறக்கப்போகுது உனக்கு!" என்று கத்தினார்கள். எங்களுக்கு ஏற்கனவே இரண்டு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று சொல்ல யாரும் விடவில்லை. நவ்ஃபல் ஏழாவது தடவை தாண்டி முடித்ததும் ஷிராஸ் உள்ளங்கையை நீட்டினாள். "இதுலயும் ஒண்ணு வை" என்றாள். வைத்தான். உடனே அத்தைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். லத்தீஃபாவும் நின்றார். அந்தப் பிஸ்கட் கம்பெனியின் வட்டச் சீல் அன்று கிரெம்டா சாலையில் நாற்பது உள்ளங்கைகளிலாவது விழுந்திருக்கும்.

"சாப்பாட்டுக்கு வரலன்னா நான் பேசமாட்டேன்" என்று லத்தீஃபா வாசல்வரை வந்து எச்சரித்தார்.

வீட்டுக்குப் போய் டின்னை எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு அடித்துவிட்டது. வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. எம்னா பிஸ்கட் டின்னை ஒரு கையிலும் அட்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டே முக்காலுக்கு எங்கள் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்மணி கண்ணாடி போட்டவர். காலையிலிருந்து ஒருதடவைகூடச் சிரித்திருக்கமாட்டார் என்று தோன்றியது. படிவத்தைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். சீட்டை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இது என்ன வாசனை?"

எம்னாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் அவள் முழங்கையை அழுத்தினேன்.

பெண்மணி சீலின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "கிராம்பு. இது மை இல்ல, ஹர்கூஸ்." கண்ணாடிக்கு மேலாக எம்னாவின் கைகளைப் பார்த்தார். என் சட்டையில் ஆரஞ்சுப்பூ நீர்க் கறையைப் பார்த்தார். எம்னாவின் செருப்பில் ஒட்டியிருந்த மீன் செதிலைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"யார் கல்யாணம்?"

"கணக்கருக்கு" என்றாள் எம்னா, பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்கு மேல் முடியவில்லை. கவுன்ட்டரில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். டின் கையிலிருந்து நழுவி, நோட்டுகள் தரையெல்லாம் பரவின. எனக்குப் பின்னால் இருந்த தச்சர் குனிந்து பொறுக்கிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அவருக்குப் பின்னால் இருந்த வக்கீலும் ஆரம்பித்தார்.

பெண்மணி சீட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு பெரிய புத்தகத்தோடு வந்தார். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார், ஒரு இடத்தில் விரலை வைத்து வாசித்தார். எம்னா ஒருவழியாக மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். நான் மனதுக்குள் மொபெட்டுக்கு விலை போட்டுக்கொண்டிருந்தேன்.

"சீல் தெளிவா இருக்கணும்னு எழுதியிருக்கு" என்றார் பெண்மணி. "இன்னிக்கு வந்ததுலயே தெளிவானது இதுதான். மை என்ன மைன்னு ஒண்ணும் எழுதல." படிவத்தின் மேல் தன்னுடைய சீலை டக்கென்று குத்தினார். "ஆயிரத்து முந்நூறு. எண்ணிக் குடுங்க. எங்க தங்கச்சி கல்யாணத்துல மீனைப் பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு, தெரியுமா? பாதித் தாண்டல்ல. அடுத்தவங்க!"

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். ரசீதை எம்னா வெயிலில் பிடித்துப் பார்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தெருவில் அத்தனை பேர் பார்க்க, ஒரு முழுக் குலவை இட்டாள். வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் பதில் குலவை கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக்குப் போனோம். போகாமல் இருக்க முடியுமா? அந்தக் களவா மீன் ஆவியில் வெந்த குஸ்குஸ் ரவை மேல் கிடந்தது, ரிப்பன் இல்லாமல். லத்தீஃபா எம்னாவின் தட்டில் பெரிய துண்டாக வைத்தார். ஷிராஸ் தங்கத்தையெல்லாம் கழற்றிவிட்டு வீட்டு உடையில் எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். நவ்ஃபலிடம் அந்த மூன்று கிழிந்த சீட்டுகளைப் பற்றிக் கேட்டேன், எல்லோரும் கேட்கும்படியாக. அவன் என் காலை மிதித்தான். ஷிராஸ் விடாமல் கேட்டு, முழுக்கதையையும் வாங்கிவிட்டாள்.  தன் தட்டிலிருந்து முள் எடுத்த மீனை அவன் தட்டுக்கு மாற்றினாள், அவ்வளவுதான்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். ஐந்தாவது கிலோமீட்டரில் மொபெட் இருமி நின்றது. காலையில் அடித்த வேகத்தில் பெட்ரோல் தீர்ந்திருந்தது. என் பையில் ஒரு தினார்கூடத் தேறாத தொள்ளாயிரம் மில்லிம், எம்னாவிடம் காலி டின்னும் ஒரு பொட்டலம் பக்லாவாவும். பெட்ரோல் நிலையம் இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

"இறங்கி நட" என்றேன்.

"மாட்டேன். நான் வரி கட்டினவ" என்று சொல்லி இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்துகொண்டாள். நான் தள்ளினேன். அவள் டின்னைக் கவிழ்த்து மடியில் வைத்து, ஹர்கூஸ் போட்ட விரல்களால் தாளம் போட்டு, காலையில் கேட்ட கல்யாணப் பாட்டைப் பாடத் தொடங்கினாள். வார்த்தை பாதி மறந்துவிட்டது. மறந்த இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் பாடினாள். எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றும் ஒலிப்பான் அடித்துக்கொண்டே போயின.